பூளைப்பூ வாங்கவா, வளர்க்கவா?

மார்கழி கடைசி நாளில் கோவைக் கடைவீதிகளைப் பாருங்கள்! வெள்ளைப் பூளைப்பூ, மஞ்சள் ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றும் பிடி பிடியாகக் குவிந்து கிடக்கும். வாசல் நிலையிலும் மாட்டுத் தொழுவத்திலும் இவற்றைச் சொருகிக் 'காப்பு'க் கட்டாமல் கொங்கு நாட்டில் பொங்கல் ஏது?

முன்பெல்லாம் இதற்குக் காசு கொடுத்தவர் யார்? வீட்டுக்குப் பின்னாலிருந்த தரிசில் தாமாகவே முளைத்துக் கிடந்தன. தரிசு மனையாயிற்று, பூளை விலைச் சரக்காயிற்று. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களில் பூளையும் ஆவிரையும் உண்டு. அவ்வளவு பழைய சொந்தத்துக்கு இன்று பேரம் பேசுகிறோம்!

வெயில் படும் ஒரு மூலை போதும், சகோதரிகளே. ஆவாரை விதையின் தோல் கெட்டி. சுடுநீரில் போட்டு ஓர் இரவு ஊறவைத்து விதையுங்கள். வேர் பிடித்துவிட்டால் தண்ணீர்கூட அதிகம் கேட்காது. பூளைக்கு இந்தச் சிரமமும் இல்லை. முற்றிய கதிரை உதிர்த்து, ஐப்பசி மழைக்கு முன் தூவினால் சரி.

ஆவாரம்பூவை நிழலில் உலர்த்திப் பாசிப்பயறோடு அரைத்தால் அருமையான குளியல் பொடி. பூளையோ காய்ந்தாலும் வெண்மை குன்றாது. காப்புக்குப் போக மீந்ததை ஜாடியில் கொத்தாக வைத்தால் மாதக்கணக்கில் அழகாக நிற்கும். நீர்க்கடுப்புக்கு இதையே சிறுபீளை என்று கஷாயத்தில் சேர்ப்பார்கள். சர்க்கரை வியாதிக்கு ஆவாரம்பூவைச் சொல்வார்கள். சொல்லட்டும், அதற்காக டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.

வேம்பு? அதை நட வேண்டியதே இல்லை. அடுத்த வீட்டுக் கிளை இந்நேரம் உங்கள் சுவரைத் தாண்டியிருக்கும்!