பீங்கான் பல்: ஒட்டுவதா, பூட்டுவதா?

1965ஆம் ஆண்டு சுவீடன் பேராசிரியர் பிரனெமார்க், தாடையெலும்பில் டைட்டேனியத்தாலான செயற்கை வேரைப் பதித்துப் பல் கட்டினார். இலங்கையின் பழம்பெரும் பல் வைத்தியபீடத்தைப் பேராதனையிற் கொண்ட கண்டி மக்களாகிய நாம் அதன் நுட்பமொன்றை அறிதல் நன்று.

பதித்த வேர்மீது பீங்கான் பல்லைப் பொருத்த இரு வழிகளுண்டு. சீமெந்துப் பசையால் ஒட்டினால் துளையின்றி அழகாயிருக்கும். ஆயின் முரசினுள் தங்கும் பசைத்துணுக்கு அழற்சியூட்டி எலும்பையே அரிக்கவுங்கூடும். திருகாணியாற் பூட்டினால் அத்தீங்கில்லை. பழுதுற்றாற் கழற்றித் திருத்தலாம். எனினும் வேர் சாய்ந்திருப்பின் திருகாணித் துளை முன்புறம் தோன்றி அழகைக் கெடுக்கும், திருகாணி தளர்வதுமுண்டு.

ஆகவே அழகை மட்டும் கருதாது, பின்னாளிற் கழற்ற இயலுமா என்றும் வைத்தியரை வினவுவோம். ஒட்டிய பல்லாயின், எஞ்சிய பசை முற்றாக நீக்கப்பட்டதா என்றறிவோம். எப்படிப் பொருத்தினும், நாடோறும் துலக்காத வாயில் எப்பல்லும் நிலையாது.