தாளம் போடாத டிரம்ஸ்

கையால் தாளம் எண்ணிக்கொண்டே கச்சேரி கேட்டுப் பழகிய நம்மவர் ஒருவர், லண்டன் நகரின் டால்ஸ்டன் பகுதியில் 2008-இல் தொடங்கப்பட்ட கஃபே ஓட்டோ என்னும் சிறிய கூடத்துக்கு ஒரு மாலையில் சென்று அமர்வாரானால், டிரம்ஸின் பின்னே வித்வான் ஒருவர் வீற்றிருப்பதைக் கண்டு முதலில் ஆறுதலே கொள்வார். ஆனால் அந்த வித்வான் கோல்களைத் தொடாமல், வில்லொன்றை எடுத்துச் சிம்பலின் விளிம்பில் இழைக்கத் தொடங்கியதும் அவருடைய ஆறுதல் பறந்துவிடும். ஆவர்த்தனம் இல்லை, எடுப்பு இல்லை, தீர்மானம் வந்து விழுமென்று காத்திருக்கவும் வழியில்லை.

நமது சங்கீதத்திலும் மனோதர்மத்துக்கு உயர்ந்த ஸ்தானம் உண்டு என்றாலும், அது ராகம், தாளம் என்னும் இரு கரைகளுக்குள் ஓடுவது. 1960-களின் நடுவில் லண்டனில் வேரூன்றிய இந்தக் கட்டற்ற வாசிப்புச் சம்பிரதாயமோ அக்கரைகளையும் வேண்டாமென்று விலக்கியது. எட்டி பிரவோ என்னும் டிரம்ஸ் கலைஞர் நண்பர்களுடன் 1965-இல் ஏ.எம்.எம். என்ற குழுவைத் தோற்றுவித்தார். மறு ஆண்டிலேயே ஜான் ஸ்டீவன்ஸ் என்ற மற்றொரு டிரம்ஸ் கலைஞர், லிட்டில் தியேட்டர் கிளப் என்னும் நாடக அரங்கில் இரவு நேரத்தில் தம் குழுவினரைக் கூட்டி வாசிக்கலானார்.

கரையில்லை என்பதனால் யாரும் எதையும் தட்டலாம் என்று எண்ணிவிடலாகாது. உடன் வாசிப்பவரின் ஒலி உன் காதில் விழவில்லையானால் நீ அளவுமீறி ஒலிக்கிறாய் என்பதும், உன் வாசிப்புக்கும் மற்றவர் வாசிப்புக்கும் சம்பந்தமே இல்லையானால் குழுவில் நீ இருப்பானேன் என்பதும் ஸ்டீவன்ஸ் வகுத்த நியமங்களின் சாரம். பிறரை அமிழ்த்திவிடாதிருக்கும் பொருட்டு அவர் தமது வாத்தியத்தையே மிகச் சிறியதாகச் சுருக்கிக்கொண்டார். பக்கவாத்தியக்காரர்களில் சிலர் ஒலிபெருக்கியை இன்னும் கொஞ்சம் ஏற்றச் சொல்லிச் சைகை காட்டுவதைப் பார்த்திருக்கும் நமக்கு, இது சிந்திக்கத்தக்க விரதமாகவே தோன்றுகிறது.

வில்லின் சமாசாரத்தையும் சிறிது விளக்கவேண்டும். அடித்து எழுப்பும் நாதம் பிறந்த க்ஷணத்திலேயே தேயத் தொடங்குகிறது. அதை வளர்க்க வாசிப்பவரால் இயலாது. குங்கிலியம் பூசிய வில்லோ உலோகத்தின் விளிம்பைப் பற்றியும் நழுவியும், ஒரு விநாடிக்குள் பல நூறு முறை மாறி மாறி அதை அதிரச் செய்வதால், ஒலி ஒன்றுமில்லாமையிலிருந்து எழுந்து, கையின் அழுத்தத்துக்கேற்பப் பெருகி, எதிர்பாராத உச்சஸ்தாயிகளாகக் கிளைக்கிறது. அதன்றியும், மிருதங்கத்தின் வலந்தலையில் கரணை என்னும் கரும்பூச்சு இருப்பதனாலேயே அதன் மேலதிர்வுகள் ஸ்ருதியோடு இயைகின்றன என்று 1920-இல் ‘நேச்சர்’ பத்திரிகையில் சிவகாளி குமாருடன் சேர்ந்து எழுதிக் காட்டினார் சி. வி. ராமன். அத்தகைய கரணை இல்லாத மேனாட்டுத் தோலுக்கு அந்த இசைவு கிடையாது. அக்குறையையே இந்த லண்டன் டிரம்ஸ் கலைஞர்கள் நிறையாக்கிக்கொண்டார்கள்: ஸ்வரத்தைத் தேடாமல், உரசல், முனகல், கிறீச்சிடல் ஆகியவற்றின் வர்ண பேதங்களைத் தேடினார்கள்.

எல்லா மாலைகளும் சித்திக்கும் என்று சொல்வதற்கில்லை. ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டே இருந்து, ஒருவரும் வழி நடக்காமல் முடியும் கச்சேரிகளும் உண்டு. அப்போது கேட்பவனுக்கு நாற்காலியின் கடினம் ஒன்றே நினைவில் நிற்கும். ஒத்திகை பார்த்து இந்த அபாயத்தை நீக்கினால், இசையும் கூடவே நீங்கிவிடும். ஆகவேதான் பிரவோ 1999 முதல் நடத்திவந்த வாராந்தரக் கூட்டங்களில் பாடமென்று எதையும் புகட்டாமல், வந்தவர்களை ஒன்றாக அமர்த்தி வாசிக்கவிடுவதையே பயிற்சியாகக் கொண்டார்.

லண்டனுக்குப் போக வசதியில்லாதவர்கள், ஸ்டீவன்ஸின் குழு 1968-இல் பதிவுசெய்த ‘கார்யோபின்’ என்னும் இசைத்தட்டைத் தேடிக் கேட்கலாம். எக்காளம், சாக்ஸபோன், கிதார், பெரிய பாஸ், டிரம்ஸ் என ஐவர் வாசிக்கிறார்கள். குழுவின் தலைவரே டிரம்ஸ்காரர் என்றாலும், அவருடைய ஒலியை மற்ற நால்வரின் இடுக்குகளில் காது கொடுத்துத் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும்.