சக்கரங்களின் மேல் ஒரு தொலைக்காட்சி நிலையம்

விளையாட்டுத் திடலுக்கு வெளியே, கூரையில் கிண்ணம் போன்ற ஏரியலைச் சுமந்து நிற்கும் பெரிய வண்டியை நீங்கள் பார்த்திருக்கலாம். உள்ளே நடக்கும் ஆட்டத்தை அந்த நொடியிலேயே நம் வீட்டுக்கு அனுப்பி வைப்பது அதுதான். இதன் முன்னோடி வண்டிகளுள் ஒன்றில் என்ன இருந்தது தெரியுமா? ஒரு புகைப்பட இருட்டறை!

1936ஆம் ஆண்டு பெர்லின் நகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடைபெற்றன. அன்றைய மின்னணுத் தொலைக்காட்சிக் காமிராக்களுக்கு நிறைய வெளிச்சம் தேவைப்பட்டது. எனவே அவற்றோடு கூட, ஜெர்மானியப் பொறியியலாளர்கள் ஒரு சுற்றுவழியையும் கையாண்டனர். வண்டியின் கூரைமேல் சினிமாக் காமிரா ஒன்றை நிறுத்தினார்கள். காட்சி பதிவான பிலிம், வெளிச்சம் புகாத குழாய் வழியாக வண்டிக்குள் இறங்கியது. அங்கே உருத்துலக்கும் கரைசல், நிலைநிறுத்தும் கரைசல், கழுவும் நீர் ஆகியவற்றைக் கடந்து வந்த பிலிமை ஓர் ஒளிக்கற்றை வரிவரியாக வருடி, மின்குறிகளாக மாற்றியது. ஓட்டக்காரர் எல்லைக் கோட்டைத் தொட்ட ஓரிரு நிமிடங்களுக்குள், பெர்லினின் பொதுத் தொலைக்காட்சிக் கூடங்களில் கூடியிருந்தோர் அதைக் கண்டு களித்தனர். இதற்கு 'இடைப்பிலிம் முறை' என்று பெயர்.

இப்பொழுது லண்டனுக்குச் செல்வோம். அங்கே பி.பி.சி. நிறுவனம் 1936 நவம்பர் 2ஆம் நாள், அலெக்சாண்ட்ரா அரண்மனை என்னும் கட்டடத்திலிருந்து தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே ஒரு பெரிய சோதனை காத்திருந்தது. 1937 மே 12 அன்று ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழா. தேவாலயத்துக்குள் தொலைக்காட்சிக் காமிராக்களுக்கு இடமில்லை. ஆகவே ஊர்வலம் கடந்து செல்லும் ஹைட் பார்க் முனையில் மூன்று காமிராக்களை வைக்கத் தீர்மானித்தனர். ஆனால் ஊர்வலம் ஒரே ஒரு முறைதான் வரும். கருவி பழுதானால், "மறுபடியும் ஒரு தடவை" என்று மன்னரிடம் கேட்க முடியுமா?

முதல் சிக்கல் தொலைவு. ஹைட் பார்க் முனைக்கும் ஒளிபரப்பு நிலையத்துக்கும் இடையே ஏறத்தாழ 8 மைல், அதாவது 13 கிலோமீட்டர். சாதாரணத் தொலைபேசிக் கம்பியில் படத்தை அனுப்பினால் என்ன? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். அன்றைய படத்தில் 405 வரிகள் இருந்தன. ஒரு வரியில் சுமார் 500 புள்ளிகள் என்று கொள்வோம். ஒரு படத்துக்கு ஏறத்தாழ 2 லட்சம் புள்ளிகள். நொடிக்கு 25 படங்கள் எனில் 50 லட்சம் புள்ளிகள்! ஓர் அலையின் மேடும் பள்ளமும் இரண்டு புள்ளிகளைக் காட்டுவதாகக் கொண்டால், நொடிக்கு 25 லட்சம் அதிர்வுகள் வேண்டும். தொலைபேசியில் நம் குரலுக்கு 3 ஆயிரம் அதிர்வுகளே போதும். வித்தியாசம் 800 மடங்குக்கும் மேல்!

ஆகவே, இதற்கென்றே செய்த, உலோக உறையிட்ட தனி வகைக் கேபிள் லண்டன் தெருக்களுக்கு அடியில் பதிக்கப்பட்டது. காமிராக்களுக்கு அருகே பேருந்து அளவிலான 'நடமாடும் கட்டுப்பாட்டு அறை' வந்து நின்றது. வெற்றிடக் குழாய்கள், அதாவது வால்வுகள், அதனுள் அடுக்கடுக்காக நிறைந்திருந்தன. அவற்றின் வேலை என்ன? காமிரா தரும் மெலிந்த மின்குறிகளை வலுப்படுத்துவது ஒன்று. ஒவ்வொரு வரியும் எங்கே தொடங்க வேண்டும் என்று வீட்டிலுள்ள பெட்டிக்குச் சொல்லும் 'ஒத்தியக்கத் துடிப்புகளை' உண்டாக்குவது மற்றொன்று. இந்தத் துடிப்புகள் இல்லையேல் படம் வெறும் கோடுகளாகச் சிதறிவிடும்.

அன்று வானம் மூடியிருந்தது, தூறலும் விழுந்தது. ஆயினும் ஊர்வலம் திரையில் தெரிந்தது. பல மைல் தொலைவில் வீட்டிலிருந்தவர்கள், நடக்கும் பொழுதே அதைப் பார்த்தார்கள்.

எல்லா இடத்துக்கும் கேபிள் போட இயலுமா? அடுத்த மாதமே விம்பிள்டன் டென்னிஸ் பந்தயக் காட்சிகள் கம்பியின்றி அனுப்பப்பட்டன. கட்டுப்பாட்டு வண்டியோடு, அலைபரப்பிக்கு ஒரு வண்டியும், மின்சாரம் தரும் ஜெனரேட்டருக்கு ஒரு வண்டியும் இருந்தன. இங்கே வேறொரு தொல்லை. இவ்வகைக் குற்றலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிலேயே செல்வன. குன்றும் கட்டடமும் குறுக்கிட்டால் அவை மெலிந்துவிடும். எனவே ஏரியலை உயரத்தில் நிறுத்த வேண்டும். அதற்குத் தீயணைப்பு வண்டியில் உள்ளது போன்ற, நீளும் ஏணியையும் பயன்படுத்தினார்கள்!

நியூயார்க்கிலும் 1937 டிசம்பரில் இரண்டு வண்டிகள் கொண்ட நடமாடும் நிலையம் வந்து சேர்ந்தது. அது 1939 ஏப்ரல் 30 அன்று உலகக் கண்காட்சித் தொடக்க விழாவை ஒளிபரப்பியது. ரூஸ்வெல்ட், தொலைக்காட்சியில் தோன்றிய முதல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஆனார். அவருடைய உருவம் கம்பியின்றி எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சிக்குச் சென்று, அங்கிருந்து நகரெங்கும் பரவியது.

1953 ஜூன் 2 அன்று எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவில் காமிராக்கள் தேவாலயத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டன. பிரிட்டனில் மட்டும் சுமார் 2 கோடிப் பேர் பார்த்தார்கள்.

வால்வுகள் போய் டிரான்சிஸ்டர்கள் வந்தன. பின் நுண்சில்லுகள் வந்தன. மூன்று வண்டிகள் சுமந்ததை இன்று ஒருவர் முதுகுப் பையில் சுமந்து செல்கிறார். ஆனாலும் பார்த்தல், சீர்செய்தல், அனுப்புதல் ஆகிய மூன்று வேலைகளும் மாறவில்லை. அடுத்த முறை கிண்ண ஏரியல் வண்டியைக் கண்டால், இந்த மூன்றும் அதில் எங்கெங்கே நடைபெறுகின்றன என்று சற்று நின்று கவனியுங்கள்.