இமையில் அரிப்பு, காரணம் நகத்தில்

இரண்டு கண் இமைகளும் சிவந்து, தடித்து, செதில் செதிலாக உரிகின்றன. கண் மையை நிறுத்தியாயிற்று, சோப்பையும் மாற்றியாயிற்று. அரிப்பு போன பாடில்லை. இப்படி வரும் பெண்களிடம் அனுபவமுள்ள தோல் மருத்துவர் விரல்களையும் ஒருமுறை பார்த்துவிடுவார். நகப்பூச்சில் கலந்துள்ள பிசின் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. நகத்தைச் சுற்றி ஒன்றும் தெரியாது. நம்மை அறியாமல் கை போய்த் தொடும் இமையிலும் கழுத்திலும் எக்ஸிமா கிளம்பும். உடம்பிலேயே மிக மெல்லிய தோல் இமைத்தோல்தான்.

முகத்தில் வரும் எக்ஸிமாவுக்குக் காரணம் முகத்தில் பூசியதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பலர் தடுமாறுவது இங்கேதான்.

எல்லாப் பழியையும் வெளிப்பொருள் மீது போடவும் முடியாது. தோலின் மேலடுக்கை இறுக்கமாக வைத்திருப்பதில் ஃபிலாக்ரின் என்ற புரதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்கான மரபணுவில் பிறழ்வு உள்ளவர்களுக்கு எக்ஸிமா எளிதில் வருகிறது என்பதை 2006-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். மேலடுக்கு தளர்ந்தால் ஈரம் வெளியே போகும், எரிச்சலூட்டும் பொருள்கள் உள்ளே புகும். கைக்குழந்தையின் கன்னத்தில் சிவந்து நீர் கசிகிற கரப்பானுக்குப் பெரும்பாலும் இதுவே அடிப்படை; அப்பா அம்மாவில் ஒருவருக்கு ஆஸ்துமாவோ ஓயாத தும்மலோ இருப்பது வழக்கம். புருவத்திலும் மூக்கோரத்திலும் எண்ணெய்ப் பிசுக்கோடு மஞ்சள் செதில் தெரிந்தால் அது பொடுகின் உறவு, மலசேசியா என்ற பூஞ்சையோடு தொடர்புடையது. எதுவும் ஒட்டுவாரொட்டி இல்லை. துண்டைத் தனியாக வைக்கச் சொல்லும் மாமியார்கள் கவனிக்க.

வெளியிலிருந்து வருவனவற்றில் நம் ஊரில் முன்வரிசையில் நிற்பது தலைச்சாயம். கருப்பு நிறம் தரும் பிபிடி என்ற வேதிப்பொருள்தான் அதில் வினை. சாயம் பட்ட உச்சந்தலையைவிட நெற்றி விளிம்பு, காது மடல், இமை ஆகியவைதான் அதிகம் வீங்கும். பத்து வருடமாக இதே டைதான் போடுகிறேன் என்பார்கள். ஒவ்வாமை பத்தாம் வருடத்திலும் தொடங்கலாம், தொடங்கினால் அநேகமாக ஆயுளுக்கும் விடாது. ‘அமோனியா இல்லாதது’ என்று அட்டையில் போட்டிருப்பதால் பிபிடி இல்லை என்று ஆகாது. அரைத்த மருதாணி செம்மையாகத்தான் பற்றும். கல்யாண வீட்டில் கன்னங்கரேலென்று பற்றும் கருப்பு மெஹந்தியில் பெரும்பாலும் இதே பிபிடிதான் இருக்கும்.

ஸ்டிக்கர் பொட்டின் பசை இன்னொன்று. முதலில் வட்டமாக அரிக்கும். கவனிக்காமல் விட்டால் சிலருக்கு அந்த இடமே வெளுத்துவிடும். வயல்வெளி ஆண்களுக்கோ காற்றே எதிரி. 1950-களில் புணேயில் கண்டறியப்பட்டு நாடெங்கும் பரவிய பார்த்தீனியம் செடியின் காய்ந்த துகள்கள் பறந்து வந்து இமையிலும் கழுத்து மடிப்பிலும் படிகின்றன. வெயில் பட்டதால் வந்தது என்று நினைத்துப் பலர் தொப்பி போட்டுக்கொண்டு அதே களையைப் பிடுங்கப் போகிறார்கள்.

இத்தனை காரணங்களுக்கும் மருந்துக் கடையில் கிடைப்பது ஒரே டியூப்: பீட்டாமெத்தசோனோ குளோபெட்டசாலோ கலந்த ஸ்டீராய்டு களிம்பு. இரண்டே நாளில் முகம் பளிச்சென்று ஆகிவிடும், அதுதான் ஆபத்து. மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து ரத்தக்குழாய்கள் தெரியும், பருக்கள் வரும், பெண்களுக்கு மீசை அரும்பும். நிறுத்தினால் முன்பைவிடச் சிவந்து எரியும். எரிச்சலுக்குப் பயந்து மறுபடி தடவுவார்கள். 2018-இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்றது. சீட்டு கேட்கும் கடைக்காரரைப் பார்ப்பது இன்னும் அபூர்வம். ஸ்டீராய்டே கூடாது என்பதல்ல: வீரியம் குறைந்ததைச் சில நாள் மட்டும் மருத்துவரே தருவார், பிறகு டாக்ரோலிமஸ் என்ற ஸ்டீராய்டு அல்லாத களிம்புக்கு மாற்றுவார், ஈரப்பதம் காக்கும் களிம்பு எப்போதும் உண்டு.

காரணம் பிடிபடாவிட்டால் பேட்ச் டெஸ்ட் செய்வார்கள். 1895-இல் யாடசோன் என்ற ஜெர்மன் மருத்துவர் தொடங்கிவைத்த முறை இது. சந்தேகப் பொருள்களைச் சிறு வில்லைகளில் வைத்து முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். ஓரிரு நாளில் மறுபடியும் பார்ப்பார்கள். அதுவரை முதுகில் தண்ணீர் படக் கூடாது. வியர்வையில் வில்லை கழன்றுவிடும் என்பதால் சித்திரை வெயிலில் இந்தச் சோதனையைத் தள்ளிப்போடும் மருத்துவர்களும் உண்டு. போகும்போது வீட்டில் பயன்படுத்தும் பொட்டு, குங்குமம், கிரீம், நகப்பூச்சு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போவது நல்லது.