வெந்நீர் ஊற்று: சூடு மட்டும் போதுமா?

அமாவாசை அன்னைக்கு காலையில கடம்பத்தூர்ல இருந்து சென்னை பக்கம் ரயில் ஏறிப் பாருங்க. திருவள்ளூர் வந்ததும் ஒரு கூட்டம் இறங்கும். பெரும்பாலும் வீரராகவப் பெருமாள் கோயிலுக்குத்தான். அவருக்கு வைத்திய வீரராகவர்னே பேர். கோயில் குளத்துக்கு ஹ்ருத்தாபநாசினி, அதாவது மனசின் தாபத்தைத் தீர்ப்பது என்று பெயர். நோய் தீரணும்னு வேண்டிக்கிட்டு மக்கள் அந்தக் குளத்தில் வெல்லம் கரைக்கிறாங்க.

தண்ணி குணமாக்கும் என்ற நம்பிக்கை நம்ம ஊருக்குப் புதுசில்லை. சரி, பூமிக்குள்ளிருந்தே சூடாக வரும் தண்ணியை வைத்து ஒருத்தர் இயற்கை வைத்திய இல்லம் நடத்தினால்? அது வைத்தியமா, வியாபாரமா என்ற விவாதத்துக்கு முன்னாடி, அது ஒரு இன்ஜினியரிங் கணக்கு. அந்தக் கணக்கைத் தப்பா போட்டா உயிரே போகும்.

கன்னியாவின் ஏழு கிணறுகள்

தமிழர்களுக்கு நன்றாகத் தெரிந்த வெந்நீர் ஊற்று இலங்கையில், திருகோணமலைக்குப் பக்கத்தில் உள்ள கன்னியா. அங்கே சின்னச் சின்னதாக ஏழு கிணறுகள். மூணு நாலு அடி ஆழம்தான், அடித்தரை தெரியும். ஒவ்வொரு கிணற்றிலும் சூடு கொஞ்சம் வேறுபடும். தாய்க்கு ஈமக்கடன் செய்ய இராவணன் வாளால் குத்தி உண்டாக்கியது என்பது ஐதீகம். இன்றும் இறந்தவர்களுக்கான கடன்களைச் செய்ய அங்கே தமிழர்கள் போகிறார்கள்.

இலங்கையில் எரிமலை கிடையாது. அப்புறம் சூடு எங்கிருந்து வருது? பூமிக்குள்ளே ஒவ்வொரு கிலோமீட்டர் இறங்கும்போதும் வெப்பம் சுமார் 25 முதல் 30 டிகிரி கூடும். மழைத்தண்ணி பாறை வெடிப்பு வழியாக ஆழத்துக்கு இறங்கி, சூடாகி, வேறொரு வெடிப்பு வழியாக வேகமாக மேலே வந்தால் அதுதான் வெந்நீர் ஊற்று. மெதுவாக வந்தால் வழியிலேயே ஆறிப்போகும்.

கன்னியாவில் யாரும் கிணற்றுக்குள் இறங்கி ஊறுவதில்லை. வாளியில் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்கிறார்கள். மேலே ஊற்றின தண்ணி திரும்பக் கிணற்றுக்குள் போகாது. இந்த வழக்கம் ஏன் முக்கியம்னு கொஞ்ச நேரத்தில் பார்க்கலாம்.

உடம்புக்கு என்ன ஆகுது?

கழுத்தளவு தண்ணியில் நின்றால் மிதப்பு விசை உடல் எடையில் சுமார் 90 சதவீதத்தைத் தாங்கிக்கொள்ளும். மூட்டுமேல் உள்ள பாரம் குறையும். சூட்டில் ரத்தக்குழாய்கள் விரியும், தசை தளரும், விறைப்பு குறையும். முழங்கால் வலிக்காரர் வெந்நீரில் இறங்கினதும் "அப்பாடா" என்று சொல்வது பொய்யில்லை.

ஆனா இந்த மூணுக்கும் காரணம் தண்ணியும் சூடும்தான், ஊற்றின் மகிமை இல்லை. சென்னை அரும்பாக்கத்தில் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நீர் சிகிச்சை இயற்கை மருத்துவப் படிப்பின் ஒரு பாடம். அதைக் கற்க ஊற்று தேவைப்படவில்லை.

எல்லைகளும் உண்டு. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்குத் தண்ணி சுடுவதே தெரியாது, கால் வெந்துவிடும். இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. நீரிழிவு, புற்றுநோய் போன்றவை குணமாகும் என்று மருந்துகளுக்கு விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-லேயே நம் நாட்டில் சட்டம் போட்டாச்சு. "இங்க பத்து நாள் தங்குங்க, மாத்திரையை நிறுத்திடலாம்" என்று யாராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிடுங்க.

ஒரு தொட்டியின் கணக்கு

கடம்பத்தூரில் ஊற்று இல்லை. 10,000 லிட்டர் தொட்டி ஒன்று கட்டி, 28 டிகிரி போர் தண்ணியை 40 டிகிரிக்குச் சூடாக்கணும்னு வைத்துக்கொள்வோம். நிறை, தன்வெப்பம், வெப்ப வித்தியாசம் மூன்றையும் பெருக்குங்க: 10,000 × 4.18 × 12. சுமார் 5 லட்சம் கிலோஜூல் வரும். மின்சாரத்தில் சொன்னால் ஏறக்குறைய 140 யூனிட், ஒரே ஒரு தடவை நிரப்புவதற்கு.

தொட்டியில் இறங்குகிறவர்கள் வியர்வை, எண்ணெய், கிருமி எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போகிறார்கள். புதுத் தண்ணியை விட்டுக்கொண்டே இருந்தால் சரியாகிவிடுமா? 10,000 லிட்டர் உள்ளே விட்டதும் பழைய தண்ணி எல்லாம் போயிடும்னு தோணும். போகாது. புதுசும் பழசும் கலந்துதான் வெளியேறும். நன்றாகக் கலக்கும் தொட்டியில் ஒரு தொட்டி அளவு விட்டால் 63 சதவீதம்தான் மாறும். 95 சதவீதம் மாற மூணு தொட்டி அளவு வேண்டும், அதாவது 420 யூனிட். கெமிக்கல் டிபார்ட்மெண்ட் நண்பரைக் கேளுங்க, இது அவர்களுக்கு அரிச்சுவடி.

ஊற்று இந்தச் சூட்டையும் ஓட்டத்தையும் இலவசமாகவே தருகிறது. நாம் காசு கொடுக்க வேண்டியிருப்பதால், அதே தண்ணியை பம்பு வைத்துச் சுற்றிவிட்டு மிச்சம் பிடிக்கப் பார்ப்போம். ஆபத்து ஆரம்பிப்பது அங்கேதான்.

லீஜியோனெல்லா என்ற பாக்டீரியாவுக்கு மிகவும் பிடித்தது, நமக்கு இதமாக இருக்கும் அதே வெதுவெதுப்பு. பைப்புக்குள்ளும் ஃபில்டரிலும் வழுவழுப்பான படலமாக வளரும். நீராவியோடும் சாரலோடும் மூச்சில் போனால் நிமோனியா. 2002-ல் ஜப்பானின் மியாசாகி மாகாணத்தில், புதிதாகத் திறந்த ஒரு வெந்நீர்க் குளியல் இடத்தில் இதுதான் நடந்தது. தண்ணியைச் சுற்றிவிட்டுத் திரும்பப் பயன்படுத்தினார்கள், கிருமி நீக்கம் போதவில்லை. ஏறக்குறைய 300 பேர் பாதிக்கப்பட்டார்கள், 7 பேர் இறந்தார்கள். உடம்பு தேறட்டும்னு போனவர்கள்.

இப்போ கன்னியாவின் வாளியை நினைத்துப் பாருங்க. பைப் இல்லை, ஃபில்டர் இல்லை, ஒருவர் குளித்த தண்ணி அடுத்தவருக்கு வருவதில்லை.

நம்ம ஏரியாவில் முடியாதா?

முடியும். ஐஸ்லாந்தின் புகழ்பெற்ற நீலக் குளம் இயற்கை ஊற்றே இல்லை. 1976-ல் தொடங்கிய ஸ்வார்ட்செங்கி புவிவெப்ப மின் நிலையம் வெளியேற்றிய தண்ணி தேங்கியது அது. தோல் நோய்க்காரர்கள் இறங்கிப் பார்த்து இதமாக இருக்குன்னு சொல்ல, 1987-ல் பொதுமக்களுக்குக் குளியல் இடம் திறந்தார்கள். சுமார் 40 மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணி மாறுகிறது என்பது நடத்துபவர்கள் சொல்லும் கணக்கு.

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி பக்கம் உலைகளிலிருந்தும் பாய்லர்களிலிருந்தும் எவ்வளவோ சூடு வீணாகக் காற்றில் போகுது. கழிவுநீரைத் தொட வேண்டாம். சூட்டை மட்டும் வெப்பப் பரிமாற்றி வழியாக எடுத்து நல்ல தண்ணிக்குக் கொடுத்தால், தண்ணியைத் தாராளமாக மாற்றலாம். ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடுறவங்க யோசிக்கலாம்.

அதுவரைக்கும், இப்படி ஒரு இடத்துக்கு வீட்டுப் பெரியவங்களைக் கூட்டிட்டுப் போனா, கவுண்டரில் மூணு கேள்வி கேளுங்க. தண்ணி எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாறுது? சுற்றிவிடும் தண்ணின்னா குளோரின் அளவு என்ன? சூடு எவ்வளவு? அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் வெந்நீர்த் தொட்டிகளுக்குச் சொல்வது, குளோரின் குறைந்தது 3 பிபிஎம், சூடு 40 டிகிரிக்கு மேல் கூடாது. ஓடாத தண்ணிக்கு "இயற்கையான தண்ணிங்க, குளோரினே போடமாட்டோம்" என்று பெருமையாகப் பதில் வந்தால், பாட்டியைத் திரும்ப வீட்டுக்கே கூட்டிட்டு வாங்க. ஒரு அண்டா வெந்நீர் வைத்து, சொம்பில் மொண்டு ஊற்றினால் போதும்.