குளிசையை நிறுத்த முன் கேளுங்கள்

தொழிற்சாலையில் என் பக்கத்தில் நின்று பெட்டி அடுக்கும் தங்கச்சி ஒருத்தி, சில வருடங்களுக்கு முன் இடைவேளை நேரம் என் கையைப் பிடித்துக் கேட்டாள்: "அக்கா, இந்தக் குளிசை வயிற்றில இருக்கிற பிள்ளையைப் பழுதாக்குமோ?"

ஐந்து மாதக் கர்ப்பிணி. இரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. கிருமி இருப்பது தெரிந்து ஆஸ்பத்திரியில் குளிசை கொடுத்திருந்தார்கள். பயத்தில் இரண்டு நாளாகப் போடவில்லை. (அவள் சம்மதத்துடனே எழுதுகிறேன். பெயரும் இடமும் வேண்டாம்.)

அன்றே வைத்தியரிடம் போனோம். மொழிபெயர்ப்பாளரை வைத்து அவர் பொறுமையாக விளக்கினார்.

ஏ.இசட்.ரி. என்ற மருந்தைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1994 இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து எடுக்காத தாய்மாரின் 100 பிள்ளைகளில் ஏறக்குறைய 25 பேருக்குக் கிருமி தொற்றியது. எடுத்தவர்களின் பிள்ளைகளில் 8 பேருக்குத்தான். இன்று நேரத்தோடு மருந்து தொடங்கி, இரத்தத்தில் கிருமி அடங்கினால் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு.

பிறகு அந்தப் பிள்ளைகள் எப்படி வளர்ந்தார்கள்? அமெரிக்காவில் 200 இற்கு மேற்பட்ட பிள்ளைகளை நாலு வயதளவு வரை கவனித்து 1999 இல் எழுதினார்கள்: வளர்ச்சியிலோ அறிவிலோ குறையில்லை, புற்றுநோயும் இல்லை. அதே வருடம் பிரான்சில், இவ்வகை மருந்து பட்ட பிள்ளைகள் எட்டுப் பேருக்கு உடற்கலங்கள் சக்தி உண்டாக்குவதில் கோளாறு இருப்பதாக வைத்தியர்கள் எழுதினார்கள். இருவர் இறந்துபோனார்கள். மிக அரிது, ஆனால் மறைக்கவில்லை. டொலுட்டெகிராவிர் என்ற புது மருந்தைப் பற்றி 2018 இல் பொட்ஸ்வானாவில் சந்தேகம் எழுந்தது. மேலும் பல பிறப்புகளைக் கணக்கெடுத்தபோது அது நீங்கியது.

"ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். குளிசையை விடுவதுதான் பெரிய ஆபத்து" என்றார் வைத்தியர்.

சகோதரிகளே, நீங்களாகக் குளிசையை நிறுத்தாதீர்கள். இரும்புச் சத்து, கல்சியம், நாட்டு மருந்து எது எடுத்தாலும் சொல்லுங்கள். சில குளிசைகளைச் சேர்த்துப் போடக்கூடாது. மொழிபெயர்க்கப் பிள்ளைகளையோ அயலவரையோ கூட்டிப்போகாமல், இரகசியம் காக்கும் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். கர்ப்பத்தில் எடுத்த மருந்தின் பெயரை எழுதிவைத்து, பிள்ளையைப் பார்க்கும் வைத்தியரிடமும் காட்டுங்கள்.

வெட்கப்பட ஒன்றுமில்லை. இலங்கையிலும் கர்ப்பிணிகளுக்கு இந்தப் பரிசோதனை உண்டு. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2019 இல் அறிவித்தது.

தங்கச்சியின் மகனுக்குத் தொற்று இல்லை. இப்போது பாலர் பாடசாலைக்குப் போகிறான். என்னைக் கண்டால் "பெரியம்மா" என்று ஓடி வருவான்.