மிச்சம் யாருக்கு, இழப்பு யாருக்கு?

தருமபுரி மாவட்ட இளைஞர்கள் பிழைப்புக்காகப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் சென்றதே நான் கண்ட வழக்கம். இன்றோ, 2004 வரை இம்மாவட்டத்தில் இருந்த பர்கூரின் சிப்காட் வளாகத்தில் காலணி உற்பத்தி நடைபெறுகிறது. 2022இல் தமிழக அரசு காலணி, தோல் பொருள்களுக்கெனத் தனிக் கொள்கையும் வெளியிட்டது. வேலை வருகிறது, அதை எவ்வாறு வாங்குவது என்பதே இனிக் கேள்வி.

வெட்டுதல், தைத்தல், ஒட்டுதல் எனக் காலணி வரிசையின் ஒவ்வொரு கட்டமும் முந்தையதைச் சார்ந்தது. ஓரிடத்தில் தாமதமானால் வரிசையே தேங்கும். எனவேதான் மணிக்கு மணி இலக்கு, எட்டாவிடில் ஏச்சு. விரட்டினால் செயல்திறன் கூடுமா?

பாகிஸ்தானின் சியால்கோட்டில் கால்பந்து ஆலைகளில் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஓர் ஆய்வு விடை தருகிறது. செயற்கைத் தோல் வீணாவதைக் குறைக்கும் புதிய வெட்டு அச்சை ஆய்வாளர்கள் இலவசமாகவே தந்தனர். ஆயினும் பெரும்பாலான ஆலைகள் அதைப் பயன்படுத்தவில்லை. காரணம், வெட்டுவோருக்கு எண்ணிக்கைக்கேற்ற கூலி. புதிய அச்சோ தொடக்கத்தில் அவர்களது வேகத்தைக் குறைத்தது. மிச்சம் முதலாளிக்கு, இழப்பு தொழிலாளிக்கு. அச்சைத் திறம்படக் கையாள்வோருக்கு ஏறத்தாழ ஒரு மாத வருமானம் ஊக்கத்தொகை என அறிவித்ததும், அதை ஏற்ற ஆலைகள் அதிகரித்தன.

தொழிலாளியின் தயக்கம் சோம்பல் அன்று. அதுவும் ஒரு கணக்கே. இலக்கை உயர்த்துமுன் அதன் பலனில் அவரது பங்கு என்னவென்று சொல்லிவிடுவதே சிக்கனமான நிர்வாகம்.